ஆப்ஷன் செயினில் சப்போர்ட், ரெசிஸ்டன்ஸ் பார்ப்பது எப்படி?

ஒவ்வொரு ஸ்ட்ரைக்கிலும் (ஆப்ஷனில் முன்கூட்டியே குறிக்கப்பட்ட விலை) உள்ள கால், புட் ஆப்ஷன்களைப் பட்டியலிடும் ஆப்ஷன் செயினைத் திறந்ததும் எல்லார் கண்ணும் போவது ஒரே இடத்துக்குத்தான். கால் (வாங்கும் உரிமை) பக்கம் எந்த ஸ்ட்ரைக்கில் ஓபன் இன்ட்ரஸ்ட் அதிகமோ அது ரெசிஸ்டன்ஸ் (ஏற்றம் தடைபடும் இடம்), புட் (விற்கும் உரிமை) பக்கம் எதில் அதிகமோ அது சப்போர்ட் (இறக்கம் தாங்கப்படும் இடம்) என்று குறித்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். பல நாள் அது சரியாகவும் வரும். சில நாள் விலை அதே ஸ்ட்ரைக்கை உடைத்துக்கொண்டு பாயும். தடுப்பதும் பாய விடுவதும் அங்கே குவிந்திருக்கும் பொசிஷன்கள்தான். அவை யார் கையில், எந்தப் பக்கமாக இருக்கின்றன என்பதைப் பொறுத்து விளைவு மாறுகிறது.

ஓபன் இன்ட்ரஸ்ட், சுருக்கமாக ஓஐ, இன்னும் முடிக்கப்படாமல் நிற்கும் கான்ட்ராக்டுகளின் எண்ணிக்கை. ஒருவர் புதிதாக 10 லாட் (கான்ட்ராக்ட்) வாங்கி, இன்னொருவர் புதிதாக 10 லாட் விற்றால் ஓஐ 10 கூடும். வாங்கியவர் அதை மூன்றாவது ஆளிடம் தள்ளிவிட்டால் வால்யூம் ஏறும், ஓஐ அசையாது. அவரே முதலில் எழுதியவரிடம் (ஆப்ஷனைப் புதிதாக விற்றவரிடம்) திருப்பி விற்றால் ஓஐ 10 குறையும். ஒவ்வொரு கான்ட்ராக்டிலும் வாங்கியவர் ஒருவர், எழுதியவர் ஒருவர் இருப்பதால், “கால் ஓஐ ஏறுகிறது, எழுதுகிறார்கள்” என்று ஓஐயை மட்டும் பார்த்துச் சொல்ல வழியே இல்லை.

விலை ஏன் அங்கே தயங்குகிறது

“பெரிய ஆட்கள் தாங்கள் எழுதிய ஸ்ட்ரைக்கைக் காப்பாற்றுவார்கள்” என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அதைவிட உறுதியான காரணம் ஹெட்ஜிங், அதாவது ஒரு பொசிஷனின் நஷ்டத்தை எதிர்ப் பொசிஷனால் ஈடுகட்டுவது.

ஒரு மார்க்கெட் மேக்கர் (வாங்கவும் விற்கவும் எப்போதும் விலை சொல்பவர்) 1,000 யூனிட்டுக்கு 20,200 கால் வாங்கி வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் பங்கு வைத்திருப்பவர்கள் அதன் மேல் எழுதிய கால்கள் அவரிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. டெல்டா (விலை ஒரு புள்ளி நகர்ந்தால் ஆப்ஷன் விலை நகரும் அளவு) 0.30 என்றால், விலை எந்தப் பக்கம் போனாலும் அடிபடாமல் இருக்க அவர் 300 யூனிட் ஃபியூச்சர் (பின்தேதி ஒப்பந்தம்) விற்றிருப்பார். விலை ஏறி டெல்டா 0.48 ஆனால் இன்னும் 180 யூனிட் விற்க வேண்டும். விலை இறங்கி டெல்டா பழைய இடத்துக்கு வந்தால் அந்த 180-ஐத் திரும்ப வாங்குவார். ஏற ஏற விற்பனை, இறங்க இறங்க வாங்கல். விலை அந்த ஸ்ட்ரைக்கைச் சுற்றியே உழல்வதற்கு இதுதான் காரணம்.

இப்போது அதே கால்களை அவர் எழுதிக் கொடுத்தவர் என்று மாற்றிப் பாருங்கள். கையில் 300 யூனிட் வாங்கி வைத்திருப்பார்; விலை ஏறினால் இன்னும் 180 யூனிட் வாங்கியாக வேண்டும். ஏற்றத்துக்கு அவரே எண்ணெய் ஊற்றுகிறார். செயினில் இரண்டு நிலைமையும் ஒரே எண்ணாகத்தான் தெரியும்.

எக்ஸ்பைரி (ஆப்ஷன் காலாவதியாகும் நாள்) நெருங்க நெருங்க, ஸ்பாட்டை (இப்போதைய சந்தை விலையை) ஒட்டிய ஸ்ட்ரைக்கின் காமா (டெல்டா மாறும் வேகம்) கூடுவதால் இந்த வாங்கல் விற்றலின் அளவும் பெரிதாகும். ஆப்ஷன் உள்ள பங்குகள் எக்ஸ்பைரி நாளில் ஸ்ட்ரைக் விலையை ஒட்டி முடியும் போக்கு அதிகம் என்பதை நி, பியர்சன், போட்டெஷ்மன் ஆகிய மூவர் 2005-இல் வெளிவந்த ஆய்வில் காட்டினார்கள். முக்கியக் காரணங்களில் ஒன்றாக அவர்கள் சொன்னதும் மார்க்கெட் மேக்கர்களின் இந்த ஹெட்ஜிங்கைத்தான்.

செயினைப் படிக்கும் முறை

ஒரு இண்டெக்ஸ் 20,050-இல் இருக்கிறது, ஸ்ட்ரைக் இடைவெளி 100 என்று கொள்வோம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்கு.

கால் ஓஐ: 20,100-இல் 42,000, 20,200-இல் 1,15,000, 20,300-இல் 78,000.
புட் ஓஐ: 20,000-இல் 88,000; 19,900-இல் 1,20,000; 19,800-இல் 70,000.

முதலில் எக்ஸ்பைரி வாரியாகப் பிரித்துப் பாருங்கள். வாராந்தர ஓஐயையும் மாதாந்தர ஓஐயையும் கூட்டிப் பார்க்கக் கூடாது. இன்றைய நகர்வுக்கு அருகில் உள்ள எக்ஸ்பைரியே முக்கியம். பிறகு ஸ்பாட்டுக்கு மேலும் கீழும் ஐந்தாறு ஸ்ட்ரைக் போதும். ஸ்பாட்டைவிட வெகுதூரத்தில் இருக்கும் பெரிய ஓஐ பெரும்பாலும் பழைய பொசிஷனாகவோ, வேறு பொசிஷனுக்கு மலிவாக வாங்கிய காப்பாகவோ இருக்கும்.

அடுத்தது மொத்த ஓஐயைவிட முக்கியம்: இன்று எவ்வளவு மாறியது? 1,15,000 என்ற எண் போன வாரம் சேர்ந்து அப்படியே கிடக்கலாம். இன்று மட்டும் 30,000 சேர்ந்த ஸ்ட்ரைக்கில்தான் இன்றைய பணம் இருக்கிறது. சில சந்தைகளில் ஓஐ நாளுக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும். அமெரிக்கப் பங்கு ஆப்ஷன்களில் நீங்கள் பார்ப்பது முந்தைய நாள் முடிவில் இருந்த நிலை. அங்கே நாள் நடுவில் ஓஐ மாற்றம் பார்க்க முடியாது. வால்யூமை வைத்து ஊகிக்கலாம், அவ்வளவுதான்.

மாற்றத்தைப் பிரீமியத்தோடு (ஆப்ஷனின் விலையோடு) சேர்த்துப் பாருங்கள். ஓஐ ஏறி பிரீமியம் இறங்கினால் ரைட்டிங், அதாவது புதிதாக எழுதுகிறார்கள். ஓஐயும் பிரீமியமும் சேர்ந்து ஏறினால் வாங்குகிறார்கள். ஓஐ இறங்கி பிரீமியம் ஏறினால் எழுதியவர்கள் ஓடுகிறார்கள், அதாவது ஷார்ட் கவரிங். இரண்டும் இறங்கினால் வாங்கியவர்கள் வெளியேறுகிறார்கள். இதில் ஒரு வலை இருக்கிறது. ஸ்பாட் 80 புள்ளி விழுந்தால், யாரும் எழுதாவிட்டாலும் கால் பிரீமியம் விழத்தான் செய்யும். அதனால் ஸ்பாட் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்ற இரண்டு நேரங்களை எடுத்து ஒப்பிட வேண்டும். இம்ப்ளைட் வோலட்டிலிட்டியும் (பிரீமியத்தில் தெரியும் எதிர்பார்க்கப்படும் ஏற்ற இறக்க அளவு) சேர்ந்து இறங்கியிருந்தால் ரைட்டிங் என்று இன்னும் தைரியமாகச் சொல்லலாம்.

கோடு போடுவது எங்கே

20,200-இல் நேர்கோடு போடுவது தவறு. எழுதியவருக்கு நஷ்டம் தொடங்குவது ஸ்ட்ரைக்கோடு அவர் வாங்கிய பிரீமியத்தைக் கூட்டிய இடத்தில். பிரீமியம் 70 இருந்தபோது 50,000-ம், 55 இருந்தபோது 40,000-ம் ஓஐ சேர்ந்தது என்று நீங்கள் குறித்து வைத்திருந்தால், சராசரி சுமார் 63. எழுதியவர்களின் பிரேக் ஈவன் 20,263 பக்கம். புட் பக்கம் 19,900-இல் சராசரி 50 என்றால் 19,850. ஆகவே ரெசிஸ்டன்ஸ் 20,200 முதல் 20,263 வரை உள்ள பட்டை, சப்போர்ட் 19,900 முதல் 19,850 வரை உள்ள பட்டை. விலை 20,215 தொட்டதுமே “உடைந்துவிட்டது” என்று வாங்குபவர் மாட்டிக்கொள்வது இந்தப் பட்டைக்குள்தான். இது எக்ஸ்பைரிக்கான கணக்கு என்பதையும் மறக்க வேண்டாம். மார்ஜின் (கட்டி வைக்க வேண்டிய பிணைத்தொகை) நெருக்கடி வந்தால் எழுதியவர் அதற்கு முன்பே வெளியேறுவார்.

சுவர் இடிவது எப்படித் தெரியும்

காலையில் 20,200 கால் ஓஐ 1,15,000-இலிருந்து 1,32,000 ஆகிறது, பிரீமியம் 62-இலிருந்து 48-க்கு வருகிறது, ஸ்பாட் அசையவில்லை. சுவர், அதாவது ஓஐ குவிந்த ரெசிஸ்டன்ஸ், பலப்படுகிறது. மதியம் ஸ்பாட் 20,170-ஐத் தொடுகிறது. இப்போது ஓஐ 96,000, பிரீமியம் 85. கீழே 20,100 புட்டில் ஓஐ 30,000-இலிருந்து 81,000 ஆகி, பிரீமியமும் தேய்ந்திருக்கிறது. மேலே எழுதியவர்கள் காலி செய்கிறார்கள், கீழே சப்போர்ட் ஒரு படி ஏறி வருகிறது. இந்த இரண்டும் சேர்ந்து நடக்கும்போது 20,200-இல் ஷார்ட் (விலை இறங்கும் என்று விற்பது) போடவே கூடாது. கால் ஓஐ மட்டும் குறைந்து, புட் பக்கம் எதுவும் சேராவிட்டால் காத்திருங்கள். லாபத்தை எடுத்துக்கொண்டு போனவர்களாகவும் இருக்கலாம்.

எழுதியவர் வெளியேற வேண்டுமென்றால் அதே காலை வாங்கியாக வேண்டும். அதை அவருக்கு விற்கும் மார்க்கெட் மேக்கர் ஹெட்ஜுக்காக ஃபியூச்சரை வாங்குவார். பெரிய ஓஐ உடைந்தபின் நகர்வு வேகமாக இருப்பது இதனால்தான்.

ஏமாற்றும் இடங்கள் இன்னும் சில உண்டு. 20,000 போன்ற முழு எண்களில் எப்போதும் ஓஐ கூடுதலாகவே இருக்கும். பக்கத்து முழு எண்களோடு ஒப்பிட்டால்தான் அதற்குப் பொருள். 20,200-இல் எழுதி 20,300-இல் வாங்கிய ஸ்ப்ரெட் என்றால், நஷ்டத்துக்கு வரம்பு இருப்பதால் எழுதியவருக்கு ஓட வேண்டிய அவசரம் குறைவு. காலாண்டு முடிவு, வட்டி விகித அறிவிப்பு போன்ற நாட்களில் ஓஐ சுவர்களை நம்ப வேண்டாம்; திறக்கும்போதே விலை கேப் அடித்து (இடைவெளி விட்டுத் தாவி) அந்தப் பக்கம் போய் நின்றிருக்கும்.

எக்ஸ்பைரி முடிந்ததும் அந்த சீரிஸின் (அதே எக்ஸ்பைரி கொண்ட ஆப்ஷன்களின்) ஓஐ மொத்தமும் மறைந்துவிடும். நேற்று 20,200-இல் நின்ற சுவர் இன்று இல்லை. புதிய சீரிஸின் முதல் நாளில் ஓஐ மெலிதாக இருப்பதால், அன்று விலைப் படத்தையே முதன்மையாக வைத்துக்கொண்டு, எந்த ஸ்ட்ரைக்கில் எந்தப் பிரீமியத்தில் ஓஐ சேர்கிறது என்பதை மட்டும் குறித்து வாருங்கள். பிரேக் ஈவன் கணக்குப் போட அடுத்த நாளிலிருந்து அந்தக் குறிப்பு தேவைப்படும்.