ஆட்கள் மாறினாலும் குழு நிலைக்க: டர்பன் இளைஞர் இசைக்குழுக்களுக்கு

பள்ளி மாணவர்களைக் கொண்டு பாப் இசைக்குழு நடத்துவோர், ஆட்கள் மாறிக்கொண்டேதான் இருப்பார்கள் என்பதைத் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும். புவெர்ட்டோ ரிக்கோவில் எட்கார்டோ தியாஸ் 1977இல் தொடங்கிய மெனுடோ குழு இதை விதியாகவே வைத்திருந்தது: வயது ஏறியவர் விலக, இளையவர் ஒருவர் அந்த இடத்துக்கு வருவார். 1984இல் அப்படிச் சேர்ந்த ரிக்கி மார்ட்டின் 1989இல் விலகினார். குழு தொடர்ந்து நடந்தது. வயதைக் காட்டி ஒரு பிள்ளையை அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆயினும் இடம் எப்போது காலியாகும் என்று முன்பே அறிந்து ஆயத்தமாவது நமக்கும் பயன்படும்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், இந்திய வம்சாவளியினர் மிகுந்த சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும், அதைப் பள்ளி நாட்காட்டியே சொல்லிவிடும். மெட்ரிக் எனப்படும் பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வும் தீபாவளி மேடைகளும் அக்டோபர், நவம்பரில் ஒன்றாக வருவதால், அந்த வகுப்பில் இருப்பவருக்கு மாற்றானவரை ஆண்டுத் தொடக்கத்திலேயே சேர்த்து, இருவரையும் சில மாதங்கள் சேர்ந்து பாட வைக்க வேண்டும்.

ஒவ்வொரு பாட்டுக்கும் சுருதி, வேகம், யாருக்கு எந்த வரி ஆகியவற்றைக் குறித்த ஒரு தாள் இருக்கட்டும். இங்குள்ள பிள்ளைகள் பலருக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது; ஆங்கில எழுத்தில் மட்டும் வரிகளைக் கொடுத்தால் ழகரமும் ளகரமும் ஒன்றாகிவிடும் என்பதால், விலகுபவர் வரிகளை நிதானமாகச் சொல்லிப் பதிவுசெய்த ஒலிப்பதிவையும் கொடுக்க வேண்டும்.

சுருதியில்தான் பெரும் சிக்கல். ஐந்தரைக் கட்டைச் சுருதியில் (கீபோர்டில் G#) பாடிய பையனுக்குக் குரல் உடைந்ததும் மேல்வரிகள் எட்டா. ஒரு ஸ்தாயி இறக்கினாலோ கீழ்ஸ்வரங்கள் அடைத்துக்கொள்ளும். ஒரு கட்டை (C), ஒன்றரைக் கட்டை (C#) என்று பாடிப் பார்த்து, தொண்டை இறுகாத இடத்தில் நிறுத்துங்கள். கீபோர்டுக்குச் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தான் போதும். பேஸ் கிட்டார் வாசிப்பவருக்கோ எல்லா விரலிடங்களும் மாறும், ஆகவே மேடைக்கு முந்தின நாள் சுருதியை மாற்றாதீர்கள். குரல் நிலைபெறும்வரை அந்தப் பையன் கோரஸில் மெதுவாகப் பாடினால் போதும்.

சொந்தப் பாட்டு முடிந்த அன்றே, வரி யாருடையது, மெட்டு யாருடையது, பங்கு எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 18 வயது நிரம்பாதவருக்காகப் பெற்றோரும் கையெழுத்திட வேண்டும். இயற்றியவர்கள் தென்னாப்பிரிக்க இசை உரிமை அமைப்பான சாம்ரோவில் (SAMRO) உறுப்பினராகிப் பாட்டைப் பதிவுசெய்தால், குழுவை விட்டு விலகிய பின்னும் அது வானொலியில் ஒலிப்பதற்கான உரிமைத்தொகை அவர்களையே சேரும். குழுவின் பெயர் யாருக்கு உரியது என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் பிரிந்தவர்களும் அதே பெயரில் மேடையேறுவார்கள். யூடியூப் கணக்கின் கடவுச்சொல் எப்போதும் இரண்டு பேரிடமாவது இருக்க வேண்டும்.