ஏலகிரியில வீடு பாக்கப் போறீங்களா, சனிக்கிழமை போகாதீங்க

நீரில்லா ஆறு, மரமில்லா மலை, சாமியில்லா கோயில்னு வேலூரப் பத்தி பழைய கிண்டல் ஒன்னு உண்டு. அதுல சாமி விஷயம் 1981-லயே முடிஞ்சிபோச்சு, கோட்டைக்குள்ள ஜலகண்டேஸ்வரரத் திரும்பக் கொண்டாந்து வச்சிட்டாங்க. பாலாத்துல கூட 2021 நவம்பர்ல கரை பொரள தண்ணி ஓடிச்சு. மரமில்லா மலை மட்டும் அப்பிடியே கீது. அந்த மொட்டப்பாற பகல் பூரா காஞ்சி ராத்திரி பூரா அனல் விடும், கத்திரி வெயில்ல சத்துவாச்சாரியில எங்க வீட்டு மாடிச் செவுத்த ராத்திரி 11 மணிக்குத் தொட்டா தோசக்கல்லு மாதிரி இருக்கும். எங்கப்பா ரிட்டயர் ஆன வருஷம் அந்தச் செவுத்துல கைய வச்சிட்டே சொன்னாரு, "ஏலகிரிக்குப் போயிடலாம்டா".

சரின்னு ஒரு வருஷத்துக்கு மேல வீடு பாத்தோம், ஒன்பது தடவ மலையேறி எறங்கியிருப்பேன், அதுல கத்துக்கிட்டத எழுதுறேன். ஏலகிரிய வச்சிதான் சொல்றேன், ஆனா ஏற்காடு பாக்குறவங்களுக்கும் ஜவ்வாது மலையில ஜமுனாமரத்தூர் பக்கம் பாக்குறவங்களுக்கும் பாதிக்கு மேல ஒத்துவரும்.

முதல்ல கிழமை. நம்மாளுங்க எல்லாரும் சனிக்கிழமை போவாங்க, புங்கனூர் ஏரியில போட் ஏறுவாங்க, மொளகா பஜ்ஜி சாப்புடுவாங்க, ஆஹா இங்கயே இருந்துடலாம்னு தோணும். அது டூர். நீங்க செவ்வாய்க்கிழமை போங்க, ஒரு ராத்திரி தங்குங்க. நான் அப்பிடி போனப்ப, மலை மேல கடைங்க இருக்கற அத்தனாவூர்ல சாயங்காலம் ஏழரைக்கெல்லாம் கடைங்க ஒவ்வொன்னா ஷட்டர் எறக்க ஆரமிச்சாங்க. அப்பாவுக்கு பிபி மாத்திர எடுத்துட்டு வர மறந்துட்டோம், மெடிக்கல்ல கேட்டா அந்த மாத்திர இல்ல, "நாளைக்கு கீழருந்து வரும்ணா"ன்னான் அந்தப் பையன். அந்த "கீழருந்து"ங்கற வார்த்தய அன்னைக்கு மட்டும் நாலு தடவ கேட்டேன், பிளம்பர் கீழருந்து வரணும், இன்வெர்ட்டர் பேட்டரிக்காரன் கீழருந்து வரணும், மீன் கீழருந்து வரணும்.

அதனால வேலூர்லயே ஒரு வேல செய்யுங்க. ஒரு மாசம் வீட்டுல என்னென்ன வாங்குனீங்க, யார் யார வீட்டுக்குக் கூப்பிட்டீங்கன்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க, மாத்திர, பால், டைலர், பல் டாக்டர், ஏசி மெக்கானிக், செப்டிக் டேங்க் லாரி வரைக்கும். அப்புறம் அந்த நோட்ட எடுத்துட்டு மேல போயி ஒவ்வொன்னா கேட்டு "மேல", "கீழ"ன்னு டிக் அடிங்க. எங்க நோட்டுல பாதிக்கு மேல "கீழ"தான் வந்துச்சு. பரவால்ல, அதுல வாரத்துக்கு ஒரு தடவ சேத்து வாங்கிக்கக்கூடியது எது, அந்த நிமிஷமே வேணுங்கறது எதுன்னு பிரிச்சா போதும். எங்களுக்கு இடிச்சது செப்டிக் டேங்க் லாரிதான், யாரும் யோசிக்கவே மாட்டாங்க, வாடகைய கேட்டதும் அம்மா சிரிச்சிட்டாங்க.

குளிர்ச்சி பத்தி ஒரு சின்ன கணக்கு. 1,000 மீட்டர் ஒசந்தா சுமாரா 6 டிகிரி கொறையும். வேலூர் கடல்மட்டத்துலருந்து 200 மீட்டர் சொச்சம், ஏலகிரி 1,100 கிட்ட, ஊட்டி 2,200-க்கு மேல. அப்ப நமக்குக் கெடைக்கிறது அஞ்சாறு டிகிரி, அவ்ளோதான். கீழ 40 அடிக்கும்போது மேல 34. ஸ்வெட்டர் போட்டுட்டு இருக்கலாம்னு நெனச்சி போனீங்கன்னா மே மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்கு ஃபேன் தேடுவீங்க. ஆனா ராத்திரி நெசமாவே நல்லாருக்கு, செவுரு ஆறிடும், தூக்கம் வரும். எங்கப்பா கேட்டது அதுதான். நீங்க பாக்குற வீட்ட மே மாசம் மத்தியானத்துல ஒரு தடவ, ஃபேன ஆஃப் பண்ணிட்டு அரை மணி நேரம் உள்ள ஒக்காந்து பாருங்க. ஷீட் போட்ட வீடா இருந்தா பத்து நிமிஷத்துல வெளிய வந்துடுவீங்க.

அதே வீட்ட நவம்பர்லயும் பாக்கணும். ஓனரு வெள்ளையடிச்சி வச்சிருப்பாரு, செவுத்த பாக்காதீங்க, அலமாரி கதவத் தொறந்து மோந்து பாருங்க, கட்டில் பின்னாடி செவுத்துல கைய வைங்க. ஓதம் இருந்தா அங்கதான் தெரியும். நாங்க பாத்த ஒரு வீட்டுல பீரோவுக்குள்ள இருந்த ஒரு ஜோடி ஷூ மேல வெள்ளையா பூஞ்ச, தூவுன மாவு மாதிரி. ஆம்பூர்ல ஷூ கம்பெனிக்காரங்க கூடவே பொழுத ஓட்டுன மனுஷன் எங்கப்பா, அந்த ஷூவப் பாத்ததும் வீட்டயே வேணாம்னுட்டாரு.

இப்ப ரோடு. பொன்னேரியிலருந்து ஏறுனா 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்னுக்கும் பேரு வச்சிருக்காங்க, பாவேந்தர், பாரதியார், கம்பர், அவ்வையார், அப்பிடியே பாரி, ஓரின்னு வள்ளலுங்க வரைக்கும். படிக்க நல்லாதான் இருக்கு, எங்கம்மாவுக்கு அவ்வையார் வந்தா வாந்தி வரும். விளையாட்டுக்கு சொல்லல, மாசத்துக்கு நாலு தடவ அந்த வளைவுல எறங்கி ஏறணும்னா உங்க வீட்டுல யாருக்கு ஒத்துக்காதுன்னு முன்னாடியே தெரிஞ்சிக்கணும். மழ காலத்துல பனி எறங்குனா முன்னாடி போற வண்டி லைட்டே தெரியாது, கல்லும் மண்ணும் சரிஞ்சி வந்து ரோட்டுல கெடக்கும்.

இதுல முக்கியமானது ஆஸ்பத்திரி. வயசானவங்கள கூட்டிட்டுப் போறவங்க இத செய்யாம அட்வான்ஸ் குடுக்காதீங்க. ராத்திரி பத்து மணிக்கு மேல அந்த வீட்டு வாசல்லருந்து வண்டிய எடுத்து, நெசமாவே ஒருத்தருக்கு நெஞ்சு வலின்னு வச்சிக்கிட்டு, போன்ல நேரம் பாத்து ஓட்டிப் பாருங்க. அவசரத்துக்கு கிட்ட இருக்கறது திருப்பத்தூர், வாணியம்பாடி அரசு ஆஸ்பத்திரிங்க. நாங்க எதுனா ஒன்னுன்னா வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி இருக்கேன்னு சொல்லிச் சொல்லியே வளந்தவங்க, அதனால வேலூர் வரைக்கும் ஓட்டினேன், வாணியம்பாடி, ஆம்பூர், பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி கோட்டகிட்ட வரவே ரெண்டு மணி நேரத்துக்கு அஞ்சு நிமிஷம்தான் கொறச்சல். அதுவும் விபத்து கேஸுன்னா சிஎம்சியோட ராணிப்பேட்டை கேம்பஸ், அது 2022-ல தொறந்தது, வேலூரையும் தாண்டிப் போகணும். பக்கத்து சீட்டுல ஒக்காந்திருந்த அப்பா ஒன்னும் பேசல. வீட்டுக்கு வந்தப்புறம், "மொதல்ல திருப்பத்தூர் டாக்டர் ஒருத்தர பாத்து ஃபைல் போட்டு வச்சிக்கலாம்"னு மட்டும் சொன்னாரு. அது நல்ல யோசன. 108-க்கு போன் பண்ணா வண்டி எங்கருந்து கெளம்பும்னு அந்த ஊர்க்காரங்ககிட்டயே கேட்டு வச்சிக்கங்க.

ரயில் விஷயத்துல ஏலகிரிக்கு அடிச்சிக்க ஆளில்ல. கீழயே ஜோலார்பேட்டை ஜங்ஷன், சென்னைக்கும் பெங்களூருக்கும் வண்டி இருந்துக்கிட்டே இருக்கும், ஏலகிரி எக்ஸ்பிரஸ் அங்கருந்தே காலையில கெளம்பி சென்னை போயி சாயங்காலம் திரும்பும். ஆனா நீங்க எறங்குற நேரத்துக்கு மேல போற பஸ்ஸு இருக்கான்னு பாருங்க, கடைசி பஸ்ஸ விட்டா ஆட்டோக்காரர் சொல்றதுதான் ரேட்டு.

தண்ணி. "போர் எத்தன அடி"ன்னு கேக்காதீங்க, அதுக்கு எல்லாரும் பதில் வச்சிருப்பாங்க. "போன மே மாசம் மோட்டர் தொடர்ந்து எவ்ளோ நேரம் ஓடிச்சு"ன்னு கேளுங்க. இது பாறை மலை, தண்ணி பாறை வெடிப்புலதான் ஓடும், அதனால பக்கத்து மனையில கொட்டும், உங்க மனையில புகை வரும், அதுக்கு யாரும் கேரண்டி குடுக்க முடியாது. நெலாவூர் பக்கம் ஒரு எடம் பாத்தோம், ஓனரு மோட்டர போட்டுக் காட்டுனாரு, கை தடிமனுக்கு தண்ணி வந்துச்சு, அப்பா ஆடிப்போயிட்டாரு. வெளிய வந்தா ரோட்டோரம் பலாச்சொள வித்துட்டு ஒரு ஆயா. பத்து ரூபாய்க்கு சொள வாங்கிட்டு சும்மா பேச்சு குடுத்தேன். "மோட்டரு ஓடும் ராசா, அரமணிக்கு மேல காத்துதான் வரும், நீ இன்னும் கொஞ்ச நேரம் நின்னிருக்கணும்"னுச்சு. திரும்பிப் போயி இன்னொரு தடவ போடச் சொன்னேன், ஓனருக்கு மூஞ்சி மாறிடுச்சு. நாப்பதாவது நிமிஷம் பைப்பு இருமுற மாதிரி சத்தம் போட்டு செம்மண் கலர்ல கக்குச்சு, அவ்ளோதான். ஒரு மணி நேரம் நில்லுங்க, வாட்ச் பாத்துட்டு நில்லுங்க.

வாங்கறதா இருந்தா பத்திரம். இங்க ஒரு கூத்து, அதே மண்ணுக்கு நாலு மாவட்ட பேரு வரும். பழைய பத்திரத்துல வட ஆற்காடு, 1989-க்கு அப்புறம் வட ஆற்காடு அம்பேத்கர், பின்னாடி வேலூர், 2019-ல பிரிச்சப்புறம் திருப்பத்தூர். பேரு மாறுனது தப்பில்ல, பயப்படாதீங்க, சர்வே நம்பரு சப்டிவிஷனோட ஒத்துப்போவுதான்னுதான் பாக்கணும். குறைஞ்சது 30 வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்க. பட்டா, அடங்கல் (விஏஓ வச்சிருக்கற நெலக் கணக்கு), எஃப்எம்பி ஸ்கெட்ச் (நெலத்தோட அளவு வரைபடம்) மூணையும் கையில வச்சிக்கிட்டு எடத்துல நின்னு பாருங்க, வீட்டுக்குப் போற பாத ஸ்கெட்ச்ல இருக்கான்னு. மலையில ரொம்ப எடத்துக்கு பாத அடுத்தவன் கொல்லையிலதான் போவும், இன்னைக்கு விடுவான், சண்ட வந்தா வேலி போட்டுடுவான். ஒரு பக்கம் காப்புக்காடா இருந்தா எல்லைக் கல்லு எங்கன்னு பாத்துக்கங்க.

எங்களுக்கு ஒரு புரோக்கர், பேரு வேணாம், "க்ளியர் டைட்டில் சார், கண்ண மூடிட்டு வாங்கலாம்"னு ஒரு எடம் காட்டுனாரு. கண்ணத் தொறந்து பட்டாவப் பாத்தா நிபந்தனை பட்டா, அரசாங்கம் நிபந்தனை போட்டு ஒப்படையா குடுத்த நெலம். அந்த நிபந்தனை என்னன்னு தாலுக்கா ஆபீஸ்ல கேக்காம ஒரு ரூபா குடுக்கக் கூடாது. இந்த மலையோட பூர்வீக ஜனங்க மலையாளிங்க, கேரளாக்காரங்க இல்ல, மலைய ஆளுறவங்க, காஞ்சிபுரத்துலருந்து மலையேறி வந்தோம்னு அவங்களே கத சொல்லுவாங்க. அவங்க பழங்குடி பட்டியல்ல இருக்காங்க, அந்தப் பட்டியல்ல இன்னைக்கும் மாவட்டம் வட ஆற்காடுன்னுதான் போட்டிருக்கு. அவங்களுக்குன்னு குடுத்த நெலத்த பினாமியா கைமாத்தி விக்கிறதெல்லாம் நடக்குது, அதுல போயி மாட்டாதீங்க, சட்டத்துக்காக மட்டும் சொல்லல, நாளைக்கு அதே ஜனங்க மத்தியிலதான நீங்க குடியிருக்கணும். அப்புறம் கட்டறதுக்கு முன்னாடி மலைப்பகுதி பாதுகாப்பு ஆணையம், எல்லாரும் ஹாக்காம்பாங்க, 1990-லருந்து இருக்கு, அந்த அனுமதி அந்த சர்வே நம்பருக்கு வேணுமான்னு கேட்டுக்கங்க. செங்கல், எம்சாண்ட், கம்பி எல்லாம் 14 வளைவு ஏறி வரணும், கீழ போட்ட எஸ்டிமேட்ட மேல நம்பாதீங்க.

வீட்டுலருந்து வேல செய்யறவங்க சிக்னல வாசல்ல நின்னு பாக்காதீங்க, நீங்க ஒக்காரப்போற ரூம்ல கதவ சாத்திட்டு பாருங்க, அதுவும் கரண்ட் போயி ரெண்டு மணி நேரம் கழிச்சி. குரங்கு வேற, டேங்க் மூடிய கயிறு போட்டு கட்டியிருக்கற வீடுங்கள எண்ணிப் பாருங்க, அந்தத் தெருவோட நெலம தெரிஞ்சிடும்.

சனிக்கிழமை போகாதீங்கன்னு தலைப்புலயே போட்டுட்டேன், ஆனா ஒரே ஒரு சனிக்கிழமை போகணும், ஏரிக்கு இல்ல, நீங்க பாத்து வச்சிருக்கற வீட்டுக்கு. ராத்திரி பத்து மணிக்கு வாசல்ல நின்னு காத குடுங்க. நாங்க கிட்டத்தட்ட முடிவு பண்ண ஒரு வீட்டுல, ரெண்டு கொல்லை தாண்டி இருந்த ரெசார்ட்டுல பன்னெண்டு மணி வரைக்கும் ஸ்பீக்கர் அலறுச்சு, டம் டம்னு ஜன்னல் கண்ணாடி அதிருது. கோடை விழா சமயத்துல இன்னும் மோசம், வண்டிங்க வளைவுல மாட்டி நிக்கும்.

கடைசியில நாங்க வாங்கல. மங்கலம் போற வழியில 11 மாச அக்ரிமெண்ட் போட்டு ஒரு ஓட்டு வீடு வாடகைக்கு எடுத்தோம், சத்துவாச்சாரி வீட்ட விக்கல. ரெண்டாவது தடவயும் அக்ரிமெண்ட புதுப்பிச்சாச்சு. அம்மா மழ மாசத்துல கீழ வந்துடுவாங்க, துணி காயலன்னு. அப்பா ஞாயித்துக்கிழமை ராத்திரி மேல போயி வெள்ளி வரைக்கும் இருப்பாரு, சனிக்கிழமை காலையில மாத்திர சீட்ட சட்டப்பையில வச்சிக்கிட்டு பஸ் ஏறிடுவாரு. எதுர்ல பெங்களூர் நம்பர் காருங்க வரிசையா ஏறிட்டிருக்கும், இவரு எறங்குற பஸ்ஸு காலியா வரும், ஜன்னல் சீட்டு எப்பவும் கெடைக்குதாம்.