ஆன்லைன் ஏலத்தில் விற்கப் போகிறீர்களா? சறுக்கும் இடங்கள் இவை

கையில் கிடைத்ததையெல்லாம் ஏலத்தில் போடுவதுதான் முதல் தவறு. கன்னியாகுமரி கடைத்தெருவில் மொத்தமாக வாங்கிய சிப்பி மாலையை ஈபே என்ற அமெரிக்க ஏலத் தளத்தில் ஒரு டாலரில் தொடங்கி ஏலம் விட்டால், ஒரு டாலருக்கே அது போகும். அதே மாலையை நிலையான விலைக்கு விற்பவர்கள் அங்கே எக்கச்சக்கம். சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகத்தில் படகு வந்ததும் ஏலம் சூடு பிடிப்பது, ஒரே மீனுக்கு நாலு வியாபாரிகள் போட்டிக்கு நிற்பதால். இணையத்திலும் ஒரே பொருளுக்கு இரண்டு பேராவது அலைய வேண்டும். அப்படி இல்லாத சரக்குக்கு ஏலம் வேண்டாம், விலை போட்டு விற்றுவிடுங்கள்.

அலைய ஆள் இருக்கும் சரக்கு நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் உண்டு. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர் பக்கம் இருந்தவர்கள். பழைய வீட்டுப் பெட்டிகளில் சக்கரம், காசு என்ற அந்தக் கால நாணயங்களும் சங்கு போட்ட அஞ்சல் தலைகளும் இன்னும் கிடக்கின்றன. இவற்றைத் தேடி வாங்குபவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஆனால் அதிகம் கெட்டுப்போவதும் இந்தச் சரக்குதான்.

முதலில், புளி போட்டுத் தேய்ப்பது. குத்துவிளக்குக்குப் புளி சரி, காசுக்கு ஆகாது. சேகரிப்பவர் காசில் படிந்த கறுப்பையும் சேர்த்துத்தான் விலை கொடுக்கிறார். தேய்த்த காசை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மெல்லிய கீறல்கள் ஒரே திசையில் ஓடுவது தெரியும். பழகிய கண் அதைப் படத்திலேயே பிடித்துவிடும். அஞ்சல் தலைக்கும் இதே கதிதான். 1888-ல் தொடங்கி வெளிவந்த திருவிதாங்கூர் தலைகளை உறையிலிருந்து கத்தரித்து எடுப்பவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. குழித்துறை, தக்கலை என்று ஊர் முத்திரை தெளிவாக விழுந்த முழு உறையைத் தேடுகிறவர், வெட்டிய தலையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

அடுத்தது ஆண்டுக் குழப்பம். '1114' என்று பொறித்த காசைப் பார்த்து, கி.பி. 1114-ல் அடித்தது என்று தலைப்பு வைத்துவிடுகிறார்கள். அது திருவிதாங்கூரில் வழங்கிய கொல்லம் ஆண்டு. 825-ஐக் கூட்டினால் 1939 வரும். ஆண்டு ஆவணியில் பிறப்பதால் சரியாகச் சொன்னால் 1938-39. தலைப்பிலேயே இப்படிச் சொதப்பியவரிடம் எந்தச் சேகரிப்பாளரும் பெரிய தொகைக்கு ஏலம் கேட்க மாட்டார்.

இந்தக் கூட்டல் கணக்கு சட்டத்துக்கும் வேண்டும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வயதைத் தொட்ட நாணயம், சிலை, கைவினைப் பொருள் ஆகியவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. வரலாறு, இலக்கியம், அறிவியல் மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிகளுக்கு 75 ஆண்டே வரம்பு. தாத்தா வைத்திருந்த வர்ம ஓலைச்சுவடியை அமெரிக்காவுக்கு ஏலம் விட நினைப்பவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. 1114 காசு இன்னும் நூறைத் தொடவில்லை. திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்துக் காசு எதுவானாலும் தொட்டுவிட்டது, ஏனென்றால் அவர் ஆட்சி 1924-லேயே முடிந்தது.

கடல் பொருளிலும் இதே எச்சரிக்கை வேண்டும். பவளப்பாறைத் துண்டு, கடல் விசிறி, நாட்டிலஸ் என்ற சுருள் ஓடு, ராட்சதச் சிப்பி, கடற்குதிரை எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. கடற்கரையில் யாரோ கூவி விற்கிறார் என்பதற்காக நீங்களும் விற்கலாம் என்று ஆகிவிடாது.

ஏலம் முடியும் நேரத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. ஏழு நாள் ஏலம், தொடங்கிய அதே மணிக்கு முடியும். மதியம் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குப் பட்டியல் போட்டால், நியூயார்க்கில் கோடைக்காலமானால் விடியற்காலை நாலரைக்கு உங்கள் ஏலம் முடிகிறது. ஏலம் கேட்பவர்களோ கடைசிச் சில விநாடிகளில்தான் பாய்வார்கள். திங்கட்கிழமை காலை ஆறரைக்கு முடியும்படி வையுங்கள். அங்கே அப்போது ஞாயிறு இரவு ஒன்பது மணி. முதல் ஐந்து நாள் யாரும் கேட்கவில்லையே என்று பதறி ஏலத்தை ரத்து செய்ய வேண்டாம். மச்சானை விட்டு விலை ஏற்றச் சொல்வது அதைவிட மோசம். அது மோசடி, பிடிபட்டால் கணக்கே போய்விடும்.

லாபக் கணக்கில் பெரிய ஓட்டை தபால் செலவு. பொருளின் விலையோடு தபால் கட்டணத்தையும் சேர்த்த மொத்தத்துக்குத்தான் ஈபே கமிஷன் பிடிக்கிறது. பெட்டியில் கட்டி முடித்து எடை போட்ட பிறகே கட்டணத்தை எழுதுங்கள். தபாலில் நாணயத்தை ஏற்காத நாடுகளும் உண்டு. ஏலம் போடும் முன்பே தபால் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வரியைத் தவிர்க்கச் சுங்கப் படிவத்தில் 'கிஃப்ட்' என்று எழுதித் தரச் சொல்லும் வாடிக்கையாளரிடம் முடியாது என்று சொல்லிவிடுங்கள். 800 டாலர் வரை வரியில்லை என்ற அமெரிக்கச் சலுகை 2025 ஆகஸ்ட் 29-ல் முடிந்துவிட்டது. வரி யார் தலையில் என்பதை விளம்பரத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஈபேயின் இந்தியத் தளம் 2018-லேயே மூடப்பட்டது. இப்போது ஈபேயில் விற்பதென்றால் ஏற்றுமதிதான், எனவே ஏற்றுமதி-இறக்குமதி செய்பவர்களுக்கான ஐஇசி எண் வேண்டும். ஐநூறு ரூபாய், பான் அட்டை, முகவரிச் சான்று, வங்கிக் கணக்கு போதும், ஆன்லைனிலேயே எடுக்கலாம். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரங்களை உறுதிசெய்ய மறந்தால் எண் முடங்கிவிடும்.

'உங்கள் பழைய ஐந்து ரூபாய்க்கு லட்சங்கள் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள்' என்று ரிசர்வ் வங்கி பெயரில் அழைப்பு வந்தால் போனை வைத்துவிடுங்கள். அப்படி யாரையும் தான் நியமிக்கவில்லை என்று அந்த வங்கியே 2021-ல் அறிவித்திருக்கிறது.