மார்ஃபின் செல்லைக் கொல்கிறதா, காக்கிறதா: சோதனையை அமைக்கும் முறை

எங்கள் லேபுக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் குழப்பத்தோடுதான் வருகிறார்கள். ஒரு கட்டுரை மார்ஃபின் அபாப்டோசிஸைத் (செல் திட்டமிட்டபடி தன்னைத்தானே அழித்துக்கொள்வது) தூண்டுகிறது என்கிறது, அடுத்தது தடுக்கிறது என்கிறது. எவ்வளவு கொடுத்தார்கள், எப்போது கொடுத்தார்கள் என்று பாருங்கள், பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

மார்ஃபின் வாங்க 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி அனுமதி வேண்டும். காகிதம் நகர்கிறபடி நகரட்டும். அதற்குள் செல்லைச் சேதப்படுத்தக் கொடுக்கும் ஸ்ட்ரெஸின் அளவைப் பிடித்துவிடுங்கள். நாங்கள் எடுப்பது எஸ்எச்-எஸ்ஒய்5ஒய் செல்கள், மனித நரம்புக் கட்டியிலிருந்து வளர்த்த ரகம். மார்ஃபின் போன்ற ஓபியாய்டு மருந்துகள் ஒட்டும் மியூ, டெல்டா ரிசெப்டர் இரண்டும் அவற்றில் உண்டு. ஸ்ட்ரெஸுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு. முதலில் மீடியம் (செல் வளரும் திரவம்) பாட்டிலின் லேபிளைப் படியுங்கள். சோடியம் பைருவேட் இருந்தால் அது பெராக்சைடைத் தின்றுவிடும்; எவ்வளவு ஊற்றினாலும் செல் அசையாது. மூன்றில் ஒரு பங்கு செல் சாகும் அளவே நல்லது. அப்போதுதான் மருந்து சாவைக் கூட்டினாலும் தெரியும், குறைத்தாலும் தெரியும். அளவு மீறினால் செல் நெக்ரோசிஸில் (திட்டமில்லாத சாவு) வெடித்துப் போகும், அதில் படிக்க ஒன்றும் இல்லை.

டோஸ் விஷயத்தில் நான் கறார். வலிக்கு மார்ஃபின் எடுக்கும் நோயாளியின் ரத்தத்தில் அது பொதுவாக நானோமோலார் அளவில்தான் இருக்கும். அதைவிடப் பத்து லட்சம் மடங்கான மில்லிமோலார் அளவில் ஊற்றிவிட்டு ‘ஓபியாய்டு கொல்கிறது’ என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை. பத்து நானோமோலாரில் தொடங்கிப் பத்துப் பத்து மடங்காகப் பத்து மைக்ரோமோலார் வரை போங்கள். கணக்கில் ஒரு கண்ணி இருக்கிறது: மார்ஃபின் சல்பேட் உப்பு ஒரு மோலில் மார்ஃபின் இரண்டு மோல். மருந்தை ஸ்ட்ரெஸுக்கு முன்பு ஒரு தட்டிலும் பின்பு ஒரு தட்டிலும் கொடுங்கள். இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

ஓபியாய்டு ரிசெப்டரை அடைக்கும் மருந்தான நலாக்சோன் இல்லாத சோதனையை என் மேசைக்குக் கொண்டுவர வேண்டாம். மார்ஃபினுக்கு அரை மணி முன்பு நலாக்சோன். நலாக்சோன் மட்டும் போட்ட வெல்லும் (தட்டில் உள்ள குழி) தனியாக வேண்டும். விளைவு மறைந்தால் அது ரிசெப்டர் வழியாக வந்ததென்று நம்பலாம். மறையாவிட்டால் பெரும்பாலும் அது வெறும் நச்சுத்தன்மை, அல்லது ஓபியாய்டு ரிசெப்டர் அல்லாத வேறு வழி.

அறுவடையில்தான் பலரும் கோட்டை விடுவது. பழைய மீடியத்தைச் சிங்க்கில் கொட்டினால் செத்த செல்களும் அதோடு போய்விடும். மிதப்பவற்றையும் ஒட்டியவற்றையும் ஒரே குழாயில் சேருங்கள். ஆனால் இந்த ரகத்தில் உயிருள்ள செல்லும் கொஞ்சம் மிதக்கும். மிதப்பதெல்லாம் பிணம் என்று எண்ணிவிடாதீர்கள். சாகத் தொடங்கிய செல்லை அடையாளம் காட்டும் அனெக்சின் ஒட்ட கால்சியம் வேண்டும், ஆகவே செல்லைத் தட்டிலிருந்து பிரிக்கப் போட்ட டிரிப்சினோடு வந்த, கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ போகும்வரை கழுவுங்கள்.

அனெக்சின் மட்டும் ஏறி, சவ்வு கிழிந்த செல்லில் நுழையும் சாயமான புரோபிடியம் ஏறாதவை ஆரம்பக் கட்ட அபாப்டோசிஸ். அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். அபாப்டோசிஸை நடத்தும் என்சைமான காஸ்பேஸ்-3 வெட்டுப்பட்டு இயங்கத் தொடங்கியதா என்று பார்க்க ஒரு வெஸ்டர்ன் பிளாட் (புரதத்தைக் கண்டறியும் சோதனை) ஓட்டுங்கள். சாவு குறைந்திருந்தால் செல்லை உயிரோடு வைக்க உதவும் புரதமான ஏகேடியின் பாஸ்பரிலேஷனையும் (அதில் பாஸ்பேட் ஏறி அது இயங்குவது) பாருங்கள், டெல்டா ரிசெப்டர் தரும் பாதுகாப்பு பல நேரம் அந்த வழியில்தான் வரும். சாயம் போட்ட குழாய்களை ஐஸில், இருட்டில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ளோ சைட்டோமீட்டர் (சாயம் ஏறிய செல்களை எண்ணும்) மெஷினில் ஏற்றிவிடுங்கள்.