விக்கிப்பீடியாவுக்குப் புதிதாக வருகிறவர்களை விரட்டும் தவறுகள்

விக்கிப்பீடியாவில் எழுத ஆள் வருவதில்லை என்று பழைய பயனர்கள் குறைப்பட்டுக்கொள்வது வழக்கம். ஆள் வருகிறார்கள், நிலைப்பதுதான் இல்லை. ஆங்கில விக்கிப்பீடியாவில் தீவிரமாகத் தொகுப்போரின், அதாவது கட்டுரைகளை எழுதித் திருத்துவோரின், எண்ணிக்கை 2007இல் உச்சத்தைத் தொட்டுப் பிறகு ஆண்டுக்கணக்கில் சரிந்தது. 2013இல் வெளிவந்த ஆய்வொன்று, நல்லெண்ணத்தோடு புதியவர்கள் செய்த தொகுப்புகள் அதிகம் நீக்கப்பட்டதை ஒரு முக்கியக் காரணமாகக் காட்டியது.

எனவே முதல் தவறு, புதியவரின் தொகுப்பை நீக்கிக் கட்டுரையை ஒரு சொடுக்கில் பழைய நிலைக்கு மீளமைத்துவிட்டுப் பேசாமல் போவது. ஒருவர் தன் ஊரைப் பற்றிய கட்டுரையில் அங்குள்ள ஏரியைப் பற்றி இரண்டு வரி சேர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சான்று தரவில்லை. மாலையில் வந்து பார்த்தால் வரிகளைக் காணோம். காரணம், கட்டுரையில் நடந்த மாற்றங்களைப் பட்டியலிடும் ‘வரலாறு’ பக்கத்தில் இருக்கலாம். அப்படி ஒரு பக்கம் இருப்பதே அவருக்குத் தெரியாது. அழிப்பதற்குப் பதில் ‘சான்று தேவை’ என்று குறித்துவிட்டு, அவருடைய பேச்சுப் பக்கத்தில் “இந்த ஏரியைப் பற்றி நாளிதழிலோ நூலிலோ ஏதாவது வந்திருக்கிறதா?” என்று கேட்கலாம். பதில் வராவிட்டால் பிறகு நீக்கிக்கொள்ளலாம், ஏரி எங்கும் ஓடிவிடாது. வேண்டுமென்றே செய்த விஷமமும் அவதூறும் வேறு வகை. அவற்றை உடனே அழிக்கத்தான் வேண்டும்.

வரவேற்கிறோம் என்ற பெயரில் கொள்கைப் பக்கங்களின் இணைப்புகளை அடுக்கிவைப்பதும் உதவாது. எழுதிப் பழகுவதற்கான ‘மணல்தொட்டி’ பக்கத்துக்கு ஓர் இணைப்பு, கூடவே அவர் செய்த தொகுப்பைப் பற்றி ஒரு வரி, இவ்வளவு போதும்.

கல்லூரிப் பயிலரங்குகளின் தவறு வேறு மாதிரியானது. முதல் நாளே எல்லோரையும் புதுக் கட்டுரை தொடங்கச் சொல்கிறார்கள். தலைப்பின் குறிப்பிடத்தக்கமை (தனிக் கட்டுரைக்குத் தகுதியானதா என்பது), சான்று, பதிப்புரிமை என எல்லாச் சோதனைகளும் ஒரே நேரத்தில் வந்து விழுவது புதுக் கட்டுரையில்தான். இருக்கும் கட்டுரையில் எழுத்துப்பிழை திருத்துவது, சான்று சேர்ப்பது, தாமே எடுத்த படத்தைப் பதிவேற்றுவது என்று தொடங்கினால் பயமின்றிக் கை பழகும். இன்னொன்று, ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து (இணைய இணைப்பின் அடையாள எண், ஒரு கல்லூரியின் கணினிகளுக்குப் பெரும்பாலும் பொதுவானது) ஒரு நாளில் ஆறு கணக்குகளுக்கு மேல் தொடங்க முடியாது. இதற்கு முன்கூட்டியே விலக்குக் கேட்டு வைக்காவிட்டால், ஏழாவது மாணவர் முதல் எல்லோரும் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.