பழைய பாக்குவெட்டியைப் படமெடுக்கும் முறை

வெற்றிலைப் பெட்டியில் கிடக்கும் பாக்குவெட்டியை மேசைமேல் போட்டு, நின்றபடியே ஒரு படம் எடுத்தால் அது பாக்குவெட்டி என்று தெரியும். அவ்வளவுதான், இன்னொரு முறை பார்க்கத் தோன்றாது. கண் அதில் தங்க வேண்டுமானால் பித்தளைப் பிடியின் வழவழப்பும் இரும்பு அலகின் சொரசொரப்பும் தொட்டுப் பார்த்த மாதிரி தெரிய வேண்டும். அதைத் தருவது வெளிச்சம் வரும் கோணம். எந்தக் கேமரா என்ற கேள்வி ரொம்பப் பின்னால்தான் வரும், கைப்பேசியே தாராளம். கீழே சொல்வது பாக்குவெட்டிக்கு என்றாலும் பூட்டு, சாவி, அரிவாள்மணை, தராசுத் தட்டு எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

முதலில் துடைப்பு. புளி போட்டுப் பளபளவென்று தேய்த்துவிடாதீர்கள். பிடியில் கிளியோ கொடியோ செதுக்கியிருந்தால், அந்தப் பள்ளங்களில் படிந்த கறுப்புதான் படத்தில் கோலத்தை எடுத்துக் காட்டும். அதையும் சுரண்டிவிட்டால் நேற்றுக் கடையில் வாங்கியதுபோல் ஆகிவிடும். உலர்ந்த பழைய வேட்டித் துணியால் மேடுகளை மட்டும் தேயுங்கள். மேடு மின்னும், பள்ளம் கறுத்திருக்கும். அலகை நனைக்கவே வேண்டாம். இரண்டு கையையும் சேர்க்கும் ஆணியடியில் தண்ணீர் தங்கி, மறுநாளே துரு கிளம்பும். துடைத்த பிறகு விரல் ரேகை படாமல் துணியால் பிடித்துத் தூக்கி வையுங்கள். எல்லாவற்றையும் அமைத்து முடித்த பிறகு, படம் எடுப்பதற்குச் சற்று முன், மெல்லிய ஓவியத் தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒவ்வொரு தூசியும் ஒரு வெள்ளைப் புள்ளியாக விழும்.

அடியில் போட நல்லது மெருகு போடாத கடப்பாக்கல். சாம்பல் கறுப்பு நிறம், மங்கலான பரப்பு; பித்தளையின் மஞ்சள் அதன்மேல் தானாக எழுந்து நிற்கும். சமையல் மேடையின் கறுப்பு கிரானைட் ஆகாது. மேலே சுற்றும் மின்விசிறி முதற்கொண்டு அதில் தெரியும். தேக்குப் பலகை அழகுதான், ஆனால் மர ரேகைகள் பாக்குவெட்டியின் கைகளோடு மல்லுக்கு நிற்கும். பலகைதான் இருக்கிறதென்றால் ரேகை பொருளுக்குக் குறுக்கே ஓடும்படி திருப்பிப் போடுங்கள்.

வெளிச்சம்

வீட்டிலுள்ள எல்லா விளக்குகளையும் அணையுங்கள். ஜன்னல் வெளிச்சத்தின் சாயல் வேறு, வீட்டு எல்இடியின் சாயல் வேறு. இரண்டும் கலந்தால் பித்தளையின் ஒரு பக்கம் வேறு நிறமடிக்கும், பிறகு செயலியில் அதைச் சரியாக்குவது கடினம். நேர் வெயில் விழாத ஜன்னலாகத் தேர்ந்தெடுங்கள். வெயில் வருகிற ஜன்னல்தான் இருக்கிறது என்றால் வெள்ளை வேட்டியை ஒற்றையாகக் கட்டுங்கள்.

மேசையை ஜன்னலிலிருந்து இரண்டடி தள்ளிப் போட்டு, ஜன்னல் உங்களுக்கு இடப்பக்கம், பொருளுக்குச் சற்றுப் பின்னால் இருக்குமாறு, அதாவது பொருள் கடிகாரத்தின் நடுவிலும் நீங்கள் 6-இலும் இருந்தால் 10 இருக்கும் இடத்திலிருந்து வெளிச்சம் வருமாறு நில்லுங்கள். உங்கள் முதுகுப் பக்கம் ஜன்னல் இருந்தால் படம் தட்டையாகிவிடும்: நிழல் பொருளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும், செதுக்கு வேலை இருந்த இடமே தெரியாது. கைப்பேசியின் பிளாஷ் செய்வதும் இதையேதான்.

செதுக்கு வேலை இன்னும் எடுப்பாக வேண்டுமா? மேசையை ஜன்னல் திட்டின் உயரத்துக்கு ஏற்றி, ஜன்னலின் மேல் பாதியைக் கனத்த போர்வையால் மறையுங்கள். வெளிச்சம் மேசையை உரசிக்கொண்டு தாழ்வாக வரும். ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு நிழல் விழும். மண் அகல், பனையோலைப் பெட்டி, கருங்கல் உரல் போன்ற சொரசொரப்பான பொருள்களுக்கு இது கைகண்ட வழி.

இனி எதிர்ப்பக்கம். ஜன்னலுக்கு எதிர்ப்புறம், பொருளிலிருந்து ஒரு ஜாண் தள்ளி வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை நிறுத்தினால் நிழல் தெளியும். அதே இடத்தில் கறுப்பு சார்ட் அட்டையை நிறுத்தினால் நிழல் இன்னும் ஆழமாகும், பொருளின் ஓரம் கறுப்புக் கோடாக உறுதிப்படும். பெரும்பாலானவர்கள் வெள்ளையோடு நின்றுவிடுகிறார்கள். பழைய உலோகத்துக்குக் கறுப்பு அட்டைதான் நன்றாக வேலை செய்யும். இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள்.

அலகு தனி விவகாரம். அது கிட்டத்தட்ட ஒரு சிறு கண்ணாடி. அதன் எதிரே என்ன இருக்கிறதோ அதையே காட்டும். எதிரே இருட்டு மூலை இருந்தால் அலகு கரித்துண்டாகத் தெரியும். லென்ஸ் இருக்கும் இடத்தில் கண்ணை வைத்துக்கொண்டு, கையில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து மெல்ல நகர்த்துங்கள். ஓரிடத்தில் அலகு பளிச்சென்று வெளுக்கும். தாளை அங்கேயே, அலகில் பாதி தெரியும்படி நிறுத்துங்கள். அப்போது ஒரு முனையில் வெண்மையும் மறுமுனையில் கறுப்புமாக, நடுவில் படிப்படியாக மங்கிக்கொண்டு வரும். எஃகு எஃகாகத் தெரிவது அந்த மங்கலில்தான். தாளை வைக்க இடம் வாய்க்கவில்லை என்றால் ஒரு அழிரப்பர் துண்டை அடியில் செருகி அலகைச் சாய்த்துக்கொள்ளலாம், கேமராவுக்குத் தெரியாமல்.

எப்படிக் கிடத்துவது

மூடிய பாக்குவெட்டி ஒரு கட்டை. முழுக்க விரித்தால் தவளை. இரண்டு விரல் அகலம் திறந்திருந்தால் இரு கைகளுக்கும் நடுவே ஒரு முக்கோண வெற்றிடம் கிடைக்கும், வடிவம் அந்த இடைவெளியால்தான் பிடிபடும். அலகுக்கு நடுவே ஒரு கொட்டைப்பாக்கை வைத்தால் இன்னொன்றும் நடக்கிறது: அடுத்த நொடி ‘டக்’ என்று வெட்டப்போகிறது என்று பார்ப்பவர் மனம் எதிர்பார்க்கத் தொடங்கிவிடும். பாதியாக வெட்டிய பாக்கு இன்னும் மேல். அதன் உள்முகத்தில் பழுப்பும் வெள்ளையுமாக ஓடும் நரம்புகளைக் கிட்டத்தில் பார்க்கப் பலருக்கு வாய்த்திருக்காது. அளவும் புரிந்துவிடும். இதற்குமேல் வெற்றிலை, சுண்ணாம்பு டப்பி, பூ என்று அடுக்கினால் தாம்பூலத் தட்டு ஆகிவிடும், பாக்குவெட்டி காணாமல் போகும்.

வடிவமே வலுவாக இருக்கும் பொருளுக்குத் துணையே தேவையில்லை. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் வாக்கர் எவன்ஸ் 1955 ஜூலையில் ஃபார்ச்சூன் என்ற வணிக இதழுக்காக எடுத்த கைக்கருவிப் படங்களைப் பார்த்தால் தெரியும்: வெறுமையான பின்னணி, நடுவில் ஒரே ஒரு சாதாரணக் கருவி, அதைப் பெரிதாக்கிக் காட்டியதோடு சரி. அடுக்கி வைக்கத் துடிக்கும் கைக்கு அது நல்ல மருந்து.

பின்னணி என்பது பின்னால் விரிக்கிற துணியாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. இன்னொரு அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் 1930 ஆகஸ்ட்டில் எடுத்த புகழ்பெற்ற குடமிளகாய்ப் படத்தில் அந்தக் காய் ஒரு தகரப் புனலுக்குள் உட்கார்ந்திருக்கிறது. புனலின் உட்சுவர் வெளிச்சத்தை வாங்கிச் சுற்றிலும் மென்மையாகத் திருப்பியதால் காயின் வளைவுகள் உடம்பின் திரட்சிபோல் தெரிகின்றன. வீட்டிலுள்ள பழைய அலுமினியக் குண்டானைப் பக்கவாட்டில் சாய்த்து, உள்ளே ஒரு பூண்டையோ கத்தரிக்காயையோ வைத்துச் செய்து பாருங்கள். குண்டான் பளபளப்பாக இருக்கக் கூடாது, மங்கியிருக்க வேண்டும்.

கைப்பேசியில் கவனிக்க வேண்டியவை

மெயின் கேமரா அகலப் பார்வை கொண்டது, ஏறக்குறைய 24 முதல் 26 மி.மீ. லென்ஸுக்குச் சமம். அதை வைத்து அரையடியில் குனிந்தால் கிட்டே இருக்கும் பிடி பூதாகரமாகவும் தூரத்து முனை சூம்பியும் போகும். இரண்டு, மூன்று மடங்கு ஜூமுக்குப் போய், இரண்டடி தள்ளி நின்று எடுங்கள். இதில் ஒரு சூது உண்டு. கிட்டத்தில் எடுக்கும்போது பல கைப்பேசிகள் சொல்லாமல் கொள்ளாமல் ஜூம் லென்ஸை விட்டுவிட்டு மெயின் கேமராவின் படத்தையே வெட்டிக் கொடுக்கும். ஜூம் லென்ஸை விரலால் மூடிப் பாருங்கள். திரை இருட்டாகவில்லை என்றால் வேறு லென்ஸ் வேலை செய்கிறது. இன்னும் சற்றுப் பின்வாங்குங்கள். மேக்ரோ முறையும் அப்படித்தான், நிறைய கைப்பேசிகளில் அது மெயினைவிட அகலமான கேமராவுக்குத் தாவிவிடும். அணைத்து வையுங்கள்.

திரையில் ஆணி இருக்கும் இடத்தை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பிறகு வெளிச்சத்தை மைனஸ் 0.7 வரை இறக்குங்கள். கைப்பேசிக்கு இருட்டு பிடிக்காது. கறுப்புக் கல்லைச் சாம்பலாக்கி, பித்தளையின் மினுக்கத்தை வெறும் வெள்ளைத் திட்டாக்கிவிடும். அப்படி வெளுத்த இடத்தில் மஞ்சளைத் திரும்பக் கொண்டுவர முடியாது. நிறம் குளிர்ச்சியாக, நீலம் தட்டித் தெரிந்தால், ப்ரோ முறையில் ஒயிட் பேலன்ஸை 5500 கெல்வினில் தொடங்கி, பக்கத்தில் வைத்த வெள்ளைத் தாள் வெள்ளையாகத் தெரியும்வரை நகர்த்துங்கள். கேமரா முக்காலியில் (டிரைபாட்) நிறுத்தி, ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறனை) 100-இல் வைத்து, 2 நொடி டைமரில் எடுங்கள். இரவில் எல்இடி விளக்கில்தான் எடுக்க முடியும் என்றால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும், வேறு வேகங்களில் படத்தில் பட்டை பட்டையாக விழும்.

தனிக் கேமரா வைத்திருப்பவர்களுக்கு: லென்ஸின் துவாரம் (அபர்ச்சர்) எஃப் 8 முதல் 11 வரை. கிட்டத்தில் இன்னும் திறந்தால் ஆணி மட்டும் தெளிவாக இருக்கும், அலகு கரைந்துவிடும். எஃப் 16-ஐத் தாண்டினால் படம் முழுவதுமே மசமசக்கும்.

எவர்சில்வர் டம்ளர் என்றால்

மேலே சொன்னது எதுவும் முழுதாகப் பலிக்காது, ஏனென்றால் டம்ளர் அறை முழுவதையும் சுற்றிக் காட்டும், உங்கள் கட்டம் போட்ட சட்டை உட்பட. மூன்று பக்கமும் வெள்ளை வேட்டியால் கூடாரம்போல் மறைத்து, ஒரு இடுக்கு வழியாக எடுங்கள். அப்போது டம்ளர் வெளுத்துப்போய் ஓரமே இல்லாமல் நிற்கும். இருபுறமும் இரண்டு விரல் அகலத்தில் கறுப்புச் சார்ட் கீற்றுகளை நிறுத்தினால் ஓரக்கோடு விழுந்து உருளை வடிவம் திரும்பிவிடும். மேசையின் பின்விளிம்பு டம்ளரின் வாய்விளிம்போடு ஒட்டிப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; இரண்டு கோடும் ஒன்றானால் டம்ளர் மேசையில் ஒட்டவைத்ததுபோல் தெரியும். சென்னைப் புழுக்கத்தில் இன்னொரு குறுக்குவழி உண்டு: டம்ளரைக் கால் மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் மேலே பனி பூத்து, பிரதிபலிப்பெல்லாம் அடங்கிவிடும். ஓரிரு நிமிடம்தான் தாங்கும், ஆகவே எல்லாவற்றையும் முன்பே அமைத்துவிட்டு எடுங்கள்.

திருத்தும்போது ஸ்னாப்சீட் என்ற படத்திருத்தச் செயலியில் ‘ஸ்ட்ரக்சர்’ 15-ஐத் தாண்ட வேண்டாம். தாண்டினால் பித்தளை மணல் தூவியதுபோல் ஆகும். ஹைலைட்ஸைக் கொஞ்சம் இறக்கி, விட்டுப்போன தூசிகளை ஹீலிங் கருவியால் தொட்டு நீக்குங்கள். படத்தைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள்: அந்த அளவிலும் பாக்குவெட்டியின் முக்கோணம் தெரியவில்லை என்றால் குறை திருத்தத்தில் இல்லை, கிடத்தியதில் இருக்கிறது, திரும்பப் போய்த் திறப்பை மாற்றுங்கள். பிரிண்ட் போடுவதாக இருந்தால் திரையில் சரியாகத் தெரிவதைவிடச் சற்றே வெளிச்சம் கூட்டிக் கொடுங்கள், தாளில் நிழல்கள் இன்னும் கறுத்துத்தான் விழும்.