அழுக்குப் பச்சைக்குப் பின்னால் ஒரு வெள்ளை: ஃபெரஸ் ஹைட்ராக்சைடு செய்து பார்ப்போம்

பள்ளியில் உப்புப் பகுப்பாய்வு செய்தவர்களுக்கு 'அழுக்குப் பச்சை வீழ்படிவு' மறந்திருக்காது. நானும் ரெக்கார்டு நோட்டில் அப்படித்தான் எழுதினேன்; மதிப்பெண்ணும் வந்தது. ஆனால் கரைசலில் திரண்டு படியும் அந்தப் பொருள், அதாவது இரும்பின் ஹைட்ராக்சைடான ஃபெரஸ் ஹைட்ராக்சைடு, சுத்தமாக இருந்தால் வெள்ளை. பச்சை என்பது காற்றின் கைவரிசை.

வேண்டியவை: நாட்டு மருந்துக் கடை அன்னபேதி (இதுதான் ஃபெரஸ் சல்பேட்), வாசனை சேர்க்காத வெற்றிலைச் சுண்ணாம்பு, லிக்விட் பாரஃபின், ஊசி இல்லாத சிரிஞ்ச். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். அன்னபேதி நஞ்சு, குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

1. தண்ணீரைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, பாட்டிலில் விளிம்புவரை நிரப்பி, மூடி ஆறவையுங்கள். கரைந்திருக்கும் ஆக்சிஜனை விரட்டத்தான் இந்தப் பாடு.

2. அந்தத் தண்ணீர் அரை லிட்டரில் ஒரு ஸ்பூன் சுண்ணாம்பைக் குலுக்கி, மூடி, இரவு முழுக்க விடுங்கள். லிட்டருக்கு ஒன்றரை கிராம் அளவுதான் கரையும். மீதி அடியில் நிற்கும். மேலே தெளிந்த நீர் மட்டும் போதும். கலங்கலாக எடுத்தால் சுண்ணாம்பின் வெள்ளையைப் பார்த்து ஏமாந்துபோவீர்கள்.

3. அன்னபேதிக் கட்டியின் மேல் படிந்த பழுப்பைச் சுரண்டி எறியுங்கள். உள்ளே இருக்கும் வெளிர்பச்சைப் படிகத்தில் ஒரு கிராம், கொதித்து ஆறிய நீர் 50 மில்லியில் கரையட்டும்.

4. சிறிய கண்ணாடித் தம்ளரில் சுண்ணாம்பு நீர் 100 மில்லி, காற்று படாமலிருக்க அதன்மேல் பாரஃபின் ஒரு விரல் கனம். சிரிஞ்சில் அன்னபேதிக் கரைசல் 5 மில்லி எடுத்து, முனையை அடிவரை இறக்கி மெல்ல அழுத்துங்கள்.

இப்போது கண்ணை எடுக்காதீர்கள். முனையைச் சுற்றி வெண்மையாக, பஞ்சுபோல ஒன்று திரளும். பால் வெள்ளை வீட்டில் கிடைப்பது கஷ்டம். லேசான பச்சைச் சாயல் இருந்தாலே வெற்றிதான். இரும்பு அயனி ஒன்று ஹைட்ராக்சைடு இரண்டைப் பிடித்துக்கொள்கிறது. நீரில் அது கரைவதே இல்லை எனலாம், அதனால்தான் திரள்கிறது.

அப்புறம் ஒரு ஸ்பூன் திரளை வெள்ளைத் தட்டில் பரப்புங்கள். முதலில் கரும்பச்சை: இரும்பில் ஒரு பகுதி மட்டும் ஆக்சிஜனேற்றம் அடைந்து, இரண்டு வகை இரும்பும் (ஆக்சிஜனேற்றம் அடையாத ஃபெரஸ், அடைந்த ஃபெரிக்) ஒரே அடுக்கில் இருக்கும் நிலை. பிறகு ஓரத்திலிருந்து பழுப்பு உள்நோக்கி நகரும். அது முழுதாக ஃபெரிக் ஆகிவிட்டது. சாதாரணத் துருவின் உறவு.

சட்டையில் தெறித்தால் எலுமிச்சைச் சாறு தடவி உடனே அலசுங்கள். காயவிட்டால் கறை லேசில் போகாது.